பாஸ்கா நாடகம்: பெயருக்குள் இரண்டு சொற்கள்

சிவகங்கை மாவட்டம் இடைக்காட்டூரில் 'பாஸ்கா' என்றால் நாடகம்தான். இயேசு பிடிபட்டது முதல் உயிர்த்தெழுந்தது வரை ஈஸ்டரையொட்டி ஊரார் நடித்துக் காட்டுவது அது. ஆனால் அந்தச் சொல்லுக்கு நாடகம் என்றோ துன்பம் என்றோ பொருள் கிடையாது.

யூதரின் மொழியான எபிரேயத்தில் அது 'பெசாக்'. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரயேலர், ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைத் தங்கள் நிலைக்கால்களில் பூசினார்கள். அந்த வீடுகளைச் சாவு கடந்துபோனது. அந்தக் 'கடந்துபோதல்'தான் பெசாக்; அதை நினைவுகூரும் யூதர் விழாவுக்கும் அதே பெயர். அரமேயம் வழியாகக் கிரேக்கத்துக்குப் போய் 'பாஸ்கா' ஆனது. கத்தோலிக்கர் இன்றும் பாஸ்கா என்கிறார்கள். சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்தில் 'பஸ்கா'.

துன்பம் எப்படி உள்ளே வந்தது? கிரேக்கத்தில் 'பாஸ்கைன்' என்றொரு வினைச்சொல் உண்டு. துன்புறுதல் என்று பொருள். 2ஆம் நூற்றாண்டில் சர்தை நகர ஆயர் மெலித்தோ, பாஸ்கா இதிலிருந்தே பிறந்தது என்று எழுதினார். வேர்ச்சொல் ஆய்வில் அது நிற்காது. ஆனால் இயேசு சாவுக்குக் கையளிக்கப்பட்டது பாஸ்கா விழாவின்போதுதான் என்பதால், இரண்டு பொருளும் விசுவாசிகள் மனத்தில் ஒட்டிக்கொண்டன.

ஐரோப்பியர் இதைப் 'பேஷன்' (Passion) நாடகம் என்பார்கள். ஜெர்மனியின் ஓபராமர்காவ் கிராமத்தார் 1633இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி நேர்ந்துகொண்டு, 1634 முதல் நடித்துவரும் நாடகம் உலகப் புகழ் பெற்றது. இந்தப் பேஷனின் மூலம் லத்தீன் 'பாஸியோ', அதாவது துன்புறுதல். ஆங்கிலத்தின் இன்றைய வழக்கைப் பார்த்துப் 'பேரார்வம்' என்று எழுதிவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தேடவே வேண்டாம், 'பாடு' இருக்கிறது. 'படு' என்ற வினையிலிருந்து வந்தது. 'படாத பாடு பட்டேன்' என்று தினமும் சொல்கிறோமே, அதே பாடு. விசுவாச அறிக்கையிலும் இயேசு 'பாடுபட்டு' என்றுதான் செபிக்கிறோம். 'திரு' சேர்த்துத் 'திருப்பாடுகள்' என்றால், பாஸியோவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் ஆண்டுதோறும் மேடையேற்றியதைத் 'திருப்பாடுகளின் காட்சி' என்றே அழைத்தது. மன்னார் பேசாலையிலோ நடிகர்களுக்குப் பதில் உருவச்சிலைகளை வைத்துக் காட்டுவதற்கு 'உடக்குப் பாஸ்' என்று பெயர்.

ஆகவே எழுதும்போது 'திருப்பாடுகளின் நாடகம்' என்றே எழுதுவோம். ஊர்வழக்கில் பாஸ்கா அப்படியே இருக்கட்டும். கல்லறைக் காட்சிக்கு அப்புறம் உயிர்ப்புக் காட்சியும் வருகிறதல்லவா? சாவைக் கடந்துபோகும் அந்தக் காட்சிக்குப் பாஸ்கா என்ற பெயர்தான் பொருந்தும்.