விறகுக்கு ஒரு கணக்கு: நேபாளத்தின் சமூகக் காடுகள்

நேபாளத்தின் நடுமலைகளில் ஒரு குடும்பத்தின் வயல் விளைய வேண்டுமானால், பக்கத்தில் ஒரு காடு இருந்தாக வேண்டும். எருமைக்குத் தழை அங்கிருந்து வருகிறது. தொழுவத்தில் அதன் காலடியில் பரப்பும் சருகும் அங்கிருந்தே வருகிறது. சாணமும் மூத்திரமும் ஊறி மக்கிய அந்தச் சருகுதான் எருவாகிப் படிக்கட்டு வயலுக்குப் போய் மக்காச்சோளத்தையும் கேழ்வரகையும் விளைவிக்கிறது. அடுப்பு விறகும் கலப்பை மரமும் வீட்டு உத்திரமும் இதற்கு மேல். அத்தனை பேருக்கும் அன்றாடம் தேவைப்படும் ஒரு காட்டை, அதை வெட்டுகிறவர்களே எப்படிக் காக்க முடியும் என்பதற்கு அந்த மலையூர்கள் கண்ட வழிமுறையையே இங்கே விளக்க முயல்கிறேன்.

1957-இல் நேபாள அரசு தனியார் காடுகளை நாட்டுடைமையாக்கியது. காட்டின் அழிவு அதனால்தான் தொடங்கியதா, அதற்கு முன்பே தொடங்கிவிட்டதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எட்டாத தொலைவில் இருந்த வனத்துறையால் மலைச்சரிவுகளைக் காவல் காக்க முடியவில்லை என்பதில் ஐயமில்லை. 1978-இல் வந்த விதிகள் காடுகளை ஊராட்சிகளிடம் ஒப்படைக்க வழிசெய்தன. அதிலும் ஒரு பிழை இருந்தது: ஊராட்சியின் எல்லை வேறு, ஒரு காட்டில் விறகு எடுப்பவர்களின் எல்லை வேறு. ஒரே காட்டை இரண்டு ஊராட்சிகளின் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்தி வந்திருக்கும். 1993-ஆம் ஆண்டின் வனச் சட்டம்தான் இதைச் சரிசெய்தது. நிலம் அரசுடையதாகவே இருக்க, அந்தக் காட்டை உண்மையில் பயன்படுத்தும் குடும்பங்கள் எவையோ அவையே பயனாளர் குழுவாகப் பதிவு செய்துகொண்டு, அதை நிர்வகிக்கவும் அதன் விளைச்சலை விலை வைத்து விற்கவும் உரிமை பெற்றன. வருமானத்தில் குறைந்தது 25 சதவீதத்தைக் காட்டுக்கே செலவிட வேண்டும் என்பது நிபந்தனை.

இந்த ஏற்பாட்டின் இதயம் ஒரு கணக்கு. காட்டை முதலில் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் சில மாதிரிச் சதுரங்களைக் கயிறு கட்டிக் குறித்துக்கொண்டு, அவற்றுக்குள் நிற்கும் மரங்களின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்கிறார்கள். தரையோடு கிடக்கும் நாற்றுகளையும் எண்ணுகிறார்கள். நிற்கும் மரத்தின் மொத்தக் கன அளவும், அது ஆண்டுதோறும் எவ்வளவு பெருகும் என்ற மதிப்பீடும் இதிலிருந்து கிடைக்கின்றன. அந்தப் பெருக்கத்தில் ஒரு பங்கை மட்டுமே வெட்ட அனுமதி. ஆண்டுக்கு 100 கன மீட்டர் வளரும் காட்டில் 60 கன மீட்டர் மட்டும் எடுக்கப்பட்டால், மீதி 40 காட்டின் சேமிப்பில் சேர்கிறது. வட்டியில் ஒரு பகுதியை மட்டும் செலவழித்து முதலைப் பெருக்குவதுதான் இது. இந்த அளவும், எந்தப் பகுதி எந்த ஆண்டு திறக்கப்படும் என்பதும் குழுவின் செயல்திட்டத்தில் எழுதப்பட்டு, கோட்ட வன அலுவலகத்தின் ஒப்புதலைப் பெறுகின்றன.

கணக்கு தாளில் இருந்தால் போதாது. காடு அதற்கு ஒத்துழைக்க வேண்டும். அடிவாரங்களிலும் தாழ்ந்த மலைகளிலும் நிற்கும் சால் மரம் இதில் பெருந்துணை. சால் மரத்தை வெட்டினால் அது சாவதில்லை. மண்ணுக்கடியில் உயிரோடிருக்கும் வேர், கரும்பின் மறுதாம்பு போலக் கட்டையிலிருந்து கொத்தாகத் தளிர்களை எழுப்பும். மொட்டையாகத் தெரிந்த பல சரிவுகள் உண்மையில் மொட்டையல்ல. ஆண்டுதோறும் எழுந்த தளிரை ஆடுமாடுகள் கடித்தும், கொடுவாள் சீவியும் முழங்காலுக்கு மேல் உயரவிடாமல் வைத்திருந்தன. மேய்ச்சலை நிறுத்தியதும் அந்த வேர்கள் தாமே எழுந்துவிட்டன, யாரும் ஒரு கன்றுகூட நடாமல். அதன்பின் செய்ய வேண்டியது களையெடுப்பு. ஒரு கட்டையில் ஏழெட்டுத் தளிர்கள் நெருக்கியடித்து நின்றால், நேரான ஒன்றிரண்டை விட்டு மற்றவற்றைக் கழிக்கிறார்கள். கழித்தது அந்த ஆண்டின் விறகு. நிற்பது பிற்காலத்தின் உத்திரம். குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மட்டும் ஒரு பகுதி திறக்கப்படும்போது, வீட்டுக்கு ஒருவர் வந்து இந்த வேலையைச் செய்துவிட்டுத் தம் பங்குச் சுமையை முதுகில் ஏற்றிச் செல்கிறார்.

காவலுக்கும் ஊர்களிடம் பழைய வழிகள் இருந்தன. சில ஊர்களில் காவலாளுக்குக் கூலியாக வீட்டுக்கு இத்தனை மானா தானியம் என்று அளந்து கொடுத்தார்கள். மானா என்பது ஏறத்தாழ அரை லிட்டர் கொள்ளும் படி. வேறு சில ஊர்களில் ஒரு கைத்தடி வீடு வீடாகச் சுற்றியது. தடி யார் வாசலில் இருக்கிறதோ, அன்றைய காவல் அவர்களுடையது.

இன்று நேபாளத்தில் 22,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் சுமார் 22 லட்சம் ஹெக்டேர் காட்டை நிர்வகிக்கின்றன. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வொன்று, 1992-இல் நாட்டின் பரப்பில் சுமார் 26 சதவீதமாக இருந்த காடு 2016-இல் சுமார் 45 சதவீதமாகியிருப்பதாகக் கண்டது. இதன் புகழ் முழுவதையும் குழுக்களுக்கே கொடுப்பது சரியாகாது. இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போனதால் கைவிடப்பட்ட படிக்கட்டு வயல்களிலும் மரம் முளைத்தது. சமையல் எரிவாயு வந்தபின் விறகுத் தேவையும் குறைந்தது.

மீண்ட காட்டின் பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு குழு முதல் சில ஆண்டுகளுக்குக் காட்டை முற்றிலும் மூடும்போது, சொந்த நிலத்தின் வரப்பில் தழைமரம் வைத்திருக்கும் குடும்பம் சமாளித்துக்கொள்கிறது; நிலமில்லாத குடும்பம் ஆட்டை விற்கிறது. கரி இல்லாமல் உலை மூட்ட முடியாத கொல்லர்கள் இதில் மிகவும் பாதிக்கப்பட்டார்கள். ஊருக்கே அரிவாள் அடித்துக் கொடுத்த அவர்கள் தலித்துகள்; விதி எழுதிய கூட்டத்தில் அவர்களின் குரல் எடுபடவில்லை. விறகு சுமப்பவர்கள் பெண்களாக இருக்க, செயற்குழுவில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருந்தார்கள். 2009-இல் வந்த வழிகாட்டுதல், செயற்குழுவில் பாதி இடம் பெண்களுக்கு என்றும், வருமானத்தில் 35 சதவீதம் ஏழைக் குடும்பங்களுக்கான பணிகளுக்கு என்றும் வகுத்தது. கூட்டம் கூடி, ஊரில் யார் வசதியானவர், யார் மிக ஏழை என்று வீடு வீடாகப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தும் வழக்கமும் வலுப்பெற்றது. அப்படி வரிசைப்படுத்திய சில குழுக்கள், காட்டின் ஒரு துண்டையே மிக ஏழைக் குடும்பங்களுக்கு ஒதுக்கி, மர நிழலில் ஏலக்காயும் தீவனப் புல்லும் வளர்த்துக்கொள்ள விட்டிருக்கின்றன.