மழைக்கு முந்தி வந்த வெள்ளம்

சில வருடங்களுக்கு முன் மட்டக்களப்பு வாவிக்கு ஒரு வெள்ளக் கணினி மாதிரி செய்துகொண்டிருந்தேன். ஓட்டிப் பார்த்தால், மழை பெய்வதற்கு முதல் நாளே வாவி நிரம்பிவிடுகிறது! இரண்டு நாள் மென்பொருளைத் திட்டினேன். பிழை அதில் இல்லை.

நம் நாட்டில் நாள் மழையைக் காலை 8.30க்கு அளப்பார்கள். அது முந்தைய 24 மணித்தியாலத்தில் பெய்தது. ஓர் அலுவலகம் அதை அளந்த நாளின் திகதியில் பதிந்திருந்தது, மற்றது அதற்கு முந்தைய நாளின் திகதியில். இரண்டையும் ஒரே எக்செல் தாளில் ஒட்டியவன் நான்தான். சரி, அதைத் திருத்தினால் அடுத்தது: குளத்து நீர்மட்டம் அடியில், வாவி மட்டம் மீற்றரில். அந்த அடி எங்கிருந்து எண்ணப்பட்டது? மதகின் அடித்தளத்திலிருந்தா, கடல் மட்டத்திலிருந்தா? தாளில் இல்லை.

ஒவ்வொரு மாரியிலும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்து நிற்கும் மணல் திட்டை வெட்டுவதா வேண்டாமா என்ற இழுபறி இங்கேதான் சிக்குகிறது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், தண்ணீர் ஏறினால் விவசாயி உடனே வெட்டச் சொல்வார். முந்தி வெட்டினால் மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்று மீனவர் மறிப்பார். இரண்டு பேரிலும் நியாயம் உண்டு. உன்னிச்சை, நவகிரிக் குளங்களில் எத்தனை கதவு திறந்திருக்கிறது, மேலே எவ்வளவு மழை, வாவி எந்த மட்டத்தில் நிற்கிறது என்பவை ஒரே மேசையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். அவை வெவ்வேறு அலுவலகக் கொப்பிகளில் கிடக்கும்போது, கூட்டத்தில் உரத்த குரல்தான் கொள்கையாகிறது. தகவல் அறியும் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். விண்ணப்பத்துக்கு முடிவு சொல்ல 14 வேலை நாட்கள். வெள்ளம் அவ்வளவு பொறுக்காது.

கணினி மாதிரியையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் செய்மதி உயர வரைபடங்களில் சில மீற்றர் பிழை இருக்கும். நம் கரையோரத்தின் உயரமே சில மீற்றர்தான். 2011 சனவரியில் தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரைத் தொட்டுக் காட்டும், வயல்களின் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டை விதானையார் எனக்கு அதைவிடப் பெரிய தரவு. அதனால் மாதிரியின் கோப்புகளையும் திறந்து கொடுக்கிறேன். அதை ஓட்டும் ஹெக்-ராஸ் (HEC-RAS) இலவச மென்பொருள், யாரும் ஓட்டிப் பிழை பிடிக்கலாம்.

போன மாரியில் முகத்துவாரம் எத்தனை மணிக்கு வெட்டுப்பட்டது என்று தேடினேன். எங்கும் பதிவில்லை. கடைசியில் மணலை வெட்டிய பெக்கோ இயந்திரத்தை ஓட்டியவரைப் பிடித்தேன்.

“விடியச் சாமம் இருக்கும், சேர்.”

மாதிரியில் 4.30 என்று போட்டிருக்கிறேன்.