மெய்க்கூலி

சம்பளச் சீட்டில் அச்சாகும் தொகை பெயரளவுக் கூலி. அதற்குக் கடையில் எவ்வளவு சாமான் வரும் என்பதே மெய்க்கூலி. ஆங்கிலத்தில் ‘ரியல் வேஜ்’ என்பார்கள். தமிழ்நாட்டில் ‘உண்மைக் கூலி’ என்றும் எழுதுவார்கள். மெய்க்கூலி சுருக்கமானது, இலங்கையில் நமக்குப் பழகியதும்கூட.

கூலி பழஞ்சொல். ‘மெய்வருத்தக் கூலி தரும்’ என்கிறது குறள் (619). அங்கே மெய் உடம்பு, இங்கே உண்மை. சம்பளம் என்பது சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்த பெயர் என்றொரு விளக்கம் உலவுகிறது. திருகோணமலையின் நிலாவெளி உப்பளத்தைத் தெரிந்தவர்களுக்கு அது இனிக்கும். வழிச்சோற்றைக் குறிக்கும் ‘சம்பலம்’ என்ற வடசொல்லே மூலம் என்பாரும் உண்டு.

மெய்க்கூலியைக் கணக்கிடும்போது சம்பள உயர்வையும் பணவீக்கத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கக் கூடாது, புதிய சம்பளத்தை விலை எத்தனை மடங்கானதோ அதனால் வகுக்க வேண்டும். 2022 செப்டெம்பரில் சாமான் விலைகளின் ஏற்றத்தை அளக்கும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8%. திருகோணமலை சீனக்குடாவில் மாதம் 50,000 ரூபா எடுத்தவருக்கு அந்த ஒரு வருடத்தில் 20% கூட்டினார்கள் என்று வையுங்கள். கையில் 60,000. விலை 1.698 மடங்கானதால், அதை 1.698 ஆல் வகுத்தால் 35,336. முந்தைய வருட விலையில் அவ்வளவுக்குத்தான் சாமான் வரும். மெய்க்கூலி 29% விழுந்துவிட்டது. 69.8 இலிருந்து 20 ஐக் கழிப்பவருக்கு 49.8% வீழ்ச்சி என்று வரும், அது பிழை. பணவீக்கம் ஐந்தாறு சதவீதமாக இருக்கையில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, அதனால்தான் கழிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3% ஆனபோது விலை இறங்கவில்லை. ஏறிய இடத்திலேயே நின்றது. இழந்த மெய்க்கூலி சம்பளம் கூடினால்தான் திரும்பும். இடையில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு, அதாவது விலையை 100 என்று வைத்து ஒப்பிடும் ஆண்டு, 2013 இலிருந்து 2021 க்கு மாறியது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே கணக்கில் போட்டால் விடை குப்பை.

எந்தச் சுட்டெண் என்பதும் முக்கியம். 2013 அடிப்படையில் கொழும்புச் சுட்டெண்ணில் உணவின் பங்கு ஏறத்தாழ 28%, முழு நாட்டுக்குமான தேசியச் சுட்டெண்ணில் 44%. வரும்படியில் பெரும்பகுதி அரிசிக்கும் மாவுக்கும் போகிற, திருகோணமலை மாவட்டத்து மூதூர், கிண்ணியா வீடுகளுக்குத் தேசியமே பொருந்தும். 2022 செப்டெம்பரில் அது காட்டியது 73.7%.

கடற்றொழிலாளருக்கு இந்தக் கணக்கே போதாது. 2022 ஓகஸ்ட்டில் படகு எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. மீன் விற்ற காசில் எண்ணெய்ச் செலவைக் கழித்த பிறகுதான் தொழிலாளருக்குப் பங்கு பிரியும் என்பதால், அரிசி விலை ஏறுவதற்கு முன்பே அவர்களுடைய பெயரளவுக் கூலியே குறைந்துவிடுகிறது.