வளவு வீட்டில் உங்கள் பங்கு: கையெழுத்துப் போடும் முன்

என் அயித்தைக்கு 1974இல் கல்யாணம் ஆனது. சில ஆண்டுகளுக்கு முன் பிறந்த வளவு வீட்டின் (பங்காளிகளுக்குப் பொதுவான பூர்விக வீடு) முகப்பில் அவரை உட்காரவைத்து, தம்பி மகன் நான்கு பக்கப் பத்திரம் ஒன்றை நீட்டினான். “1989க்கு முன் கல்யாணமான பெண்களுக்குப் பங்கே கிடையாது அயித்தை. இது ஒரு சம்பிரதாயம்தான்” என்றான். மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் படம் எடுத்து, கைரேகை வாங்கி, வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவர் போட்டது விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். பங்கே இல்லாதவரிடம் எதற்காக விடுதலை எழுதி வாங்க வேண்டும் என்று கேட்க அன்று அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை. எங்களிடம் அவர் சொன்னபோது நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். இனி முடியாது என்று வக்கீல் தலையை ஆட்டிவிட்டார்.

செட்டிநாட்டு ஊர்களில் இந்த ‘1989’ கதையை இன்றும் சொல்கிறார்கள். அதற்கு ஒரு மூலம் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழக அரசு கொண்டுவந்த திருத்தம் 25.3.1989 முதல் பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தபோது, அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கியது. ஆனால் 9.9.2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் உச்ச நீதிமன்றம் 11.8.2020 அன்று தள்ளிவிட்டது. ஆண்கள் பிரிக்கும் வரை குடியிருப்பு வீட்டைப் பிரிக்கச் சொல்லிப் பெண்கள் கேட்கக்கூடாது என்றிருந்த பழைய விதியும் 2005இல் போய்விட்டது. உங்களை மறிக்கக்கூடியது முக்கியமாக ஒன்றுதான்: 20.12.2004க்கு முன் பதிவான பாகப்பிரிவினையோ நீதிமன்றத் தீர்ப்போ இருக்கிறதா என்று பாருங்கள். “பங்காளிகள் அப்போதே வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டோம்” என்பது அரசு ஆவணம் ஏதும் பின்னால் நிற்காவிட்டால் எடுபடாது.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். அலைச்சல் இங்கேதான் தொடங்கும். வீடு எங்கே இருக்கிறதோ அங்கே மனுப் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இறந்தவர் நிலையாகக் குடியிருந்த ஊரின் தாசில்தாரிடம்தான் போட வேண்டும். அப்பச்சி (தகப்பனார்) சென்னையில் வாழ்ந்து இறந்திருந்தால் சான்றிதழுக்குச் சென்னை, பட்டாவுக்கு வீடு இருக்கும் வட்டம். அந்த வட்டத்திலும் தவறு நடக்கும். பேச்சில் எல்லாம் ‘காரைக்குடிப் பக்கம்’ என்றாலும், கோனாபட்டும் ராயவரமும் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் வட்டம். காரைக்குடித் தாலுகா அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்த பிறகுதான் அது உங்களுக்குச் சொல்லப்படும்.

சான்றிதழில் தாயாரின் பெயரை விட்டுவிடுகிறார்கள். மகன் இறக்கும்போது தாய் உயிரோடு இருந்தால், மனைவி மக்களோடு அவரும் முதல் நிலை வாரிசு. பின்னர் அவர் காலமானால் அந்தப் பங்கு அவருடைய பெண்மக்களுக்கும் போகும். இந்த ஒரு பெயரை விட்டதால் பத்து வருடம் கழித்து நின்றுபோன விற்பனைகள் உண்டு. சான்றிதழ் வாரிசுகள் யார் என்று மட்டுமே சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

பிறகு பெயர்ச் சிக்கல். பழைய பத்திரத்தில் மூன்று தலைமுறை விலாசத்தோடு (முன்னெழுத்துகளோடு) ‘ராம.சித.பழ.’ என்று இருக்கும். ஆதாரில் ஒற்றை ஆங்கில எழுத்து இருக்கும். போதாததற்குப் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். 1930ஆம் ஆண்டுப் பத்திரத்தில் இருப்பவர் தாத்தாவா பேரனா என்று அலுவலர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஒவ்வொரு முறையும் வேறு தாள் கேட்டுத் திருப்பி அனுப்புவதுதான் நியாயமில்லை. எனவே இறப்புச் சான்றுகளை வரிசையாக அடுக்கி, இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்பதற்கான உறுதிமொழிப் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு ஒரே நடையில் போங்கள். கொடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை கேளுங்கள். பிள்ளை கூட்டிய குடும்பமாக இருந்தால் பதிவு செய்த சுவீகாரப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். ஊருக்கே தெரியும் என்பது கவுண்டரில் செல்லாது.

பட்டாவை நம்பி ஏமாந்தவர்கள்தான் அதிகம். ஊரில் இருந்த ஒரு பங்காளியின் பெயரில் நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) பட்டா வந்திருக்கும். மற்றவர்கள் ரங்கூனிலோ கோயம்புத்தூரிலோ இருந்திருப்பார்கள். அதனால் வீடு அவருடையது ஆகிவிடாது. பட்டாத் தவறுக்கு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். ‘உரிமை யாருக்கு’ என்ற சண்டை வந்தால் தீர்ப்பது சிவில் நீதிமன்றம். அதைத் தாலுகா அலுவலகம் முதல் நாளே சொல்லிவிடலாம். எட்டாவது நடையில் சொல்கிறது.

வாங்க வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று மகிழ வேண்டாம். ஒருவர் இறந்து வாரிசுகளுக்குப் போன உரிமை வில்லங்கத்தில் வராது. நாற்பது புள்ளிகள் (மணமான குடும்பங்கள்) உள்ள வீட்டில் ஒரு புள்ளியின் பங்கை மட்டும் மலிவாகத் தருகிறேன் என்பார்கள். பிரியாத குடும்ப வீட்டில் அப்படிப் பங்கு வாங்கிய வெளியார் உள்ளே வந்து கூட்டாகக் குடியிருக்கச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு உரிமை தரவில்லை. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்றம் வைக்கும் விலைக்குப் பங்காளியே எடுத்துக்கொள்ள 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வழிவிடுகிறது. பணம் கொடுத்துவிட்டு வளவின் வாசலிலேயே நிற்க நேரும். வீட்டுக்காரர்களுக்கு இதே பிரிவுகள் கவசம், அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடன்பிறந்தார் மனமொத்து விட்டுக்கொடுத்தால் செலவு குறைவு. முத்திரைத்தாள் கட்டணம் நூற்றுக்கு ஒன்று, உச்சம் ரூ.40,000, பதிவுக் கட்டணத்துக்கு உச்சம் ரூ.10,000. இது ஜூலை 2023 முதல் உள்ள கணக்கு. ஊர் வழக்கில் பங்காளி எல்லோரும் குடும்பம்தான், முத்திரைச் சட்டத்தில் அப்படி இல்லை. பெரியப்பா, சித்தப்பா மக்களோடு எழுதுவதானால் தொகையை முன்பே கேட்டுவிடுங்கள்.

மலேசியாவிலிருந்து வரும் பவர் பத்திரம் நம் தூதரகத்தில் சான்று பெற்றிருந்தாலும், இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். உறையோடு பீரோவில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்து வருகிறார்கள்.

யார் பத்திரம் நீட்டினாலும் வரைவை ஒரு நாள் முன்னதாக வாங்கிக்கொள்ளுங்கள். எழுதியவர் அவர்களுடைய ஆள் என்றால், உங்கள் ஆள் ஒருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ‘விடுதலை’ என்ற சொல் எங்காவது வந்தால் அன்றைக்குப் பதிவு அலுவலகத்துக்குக் காரில் ஏறாதீர்கள்.