அளவுகோல் மாதிரி ஒரு மகிழுந்து

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மண்டபத்தில் கைவினைக் கண்காட்சி நடந்தது. எனக்கும் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். மேசைக்கு மேலே ஏற்பாட்டாளர்கள் தொங்கவிட்ட பதாகையில் கொட்டை எழுத்தில் ‘அளவுகோல் மாதிரி மகிழுந்துகள்’ என்று இருந்தது. பக்கத்து மேசையில் முறுக்கு விற்றுக்கொண்டிருந்த அக்கா அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு நான் தகட்டில் செய்து வைத்திருந்த குட்டி லேண்ட் ரோவரை மேலும் கீழும் பார்த்தார். “எங்க தம்பி அளவுகோல் மாதிரி இருக்கு? ரொட்டி டின் மாதிரில்ல இருக்கு?” என்றார்.

அக்கா மேல் தப்பே இல்லை. தமிழில் ஒரு பெயருக்குப் பின்னால் ‘மாதிரி’ வந்து நின்றால் ‘போல’ என்றுதான் காதில் விழும். குரங்கு மாதிரி பையன், கிளி மாதிரி பெண், அளவுகோல் மாதிரி மகிழுந்து. நீட்டமாக, தட்டையாக, ஓரத்தில் சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு காடியைத்தான் (எங்கள் பேச்சில் கார்) யாரும் தேடுவார்கள். இந்தத் தொடரைப் பள்ளி விழா அழைப்பிதழில் பார்த்தேன், சும்மா இருந்தேன். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் சொல்லக் கேட்டேன், சும்மா இருந்தேன். தலைக்கு மேலேயே கட்டித் தொங்கவிட்ட பிறகும் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

‘ஸ்கேல் மாடல்’ என்பதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். எங்களைப் போன்ற பித்துப் பிடித்தவர்கள் அப்படிச் சொல்வது எதை? உண்மையான ஒரு வண்டியின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்த உருவத்தை. 1:24 என்றால் அசல் வண்டியில் ஓர் அடி இருப்பது நம் கையில் அரை அங்குலம். 1958-இல் வந்த இரண்டாம் வரிசை லேண்ட் ரோவரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 88 அங்குலம். என் மேசையில் அது 93 மில்லிமீட்டர். அச்சுக்கு மட்டும் கணக்குப் பார்த்துவிட்டுக் கதவை உத்தேசமாக வெட்டினால் அது ஸ்கேல் மாடல் இல்லை. சாயத்துக்குக்கூட இந்தக் கணக்கு உண்டு. தூரிகையால் அப்பிய சாயம் 0.05 மில்லிமீட்டர் தடிப்பு என்று வையுங்கள். 24-ஆல் பெருக்கினால் அசல் வண்டியில் 1.2 மில்லிமீட்டர், சுவருக்குப் பூசிய சுண்ணாம்புப் பத்து மாதிரி. அதனால்தான் சாயம் தெளிக்கும் காற்றுத் துப்பாக்கியில் புகைபோல மூன்று நான்கு பூச்சு அடிக்கிறோம்.

இனி வேர். ‘ஸ்கேல்’ இலத்தீன் ‘ஸ்காலா’விலிருந்து வந்தது; ஏணி, படிக்கட்டு என்று பொருள். ஏணிப் படிபோல ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் கோடுகள், அதிலிருந்து அளவு, விகிதம். மீன் செதிலையும் தராசையும் குறிக்கும் ‘ஸ்கேல்’ வேறு குடும்பம், ஒலி மட்டும் ஒன்று. (இணையத்தில் ஓர் எந்திர மொழிபெயர்ப்பு ‘செதில் மாதிரி’ என்று போட்டிருந்ததைப் பார்த்து இரண்டு நாள் சிரித்தேன்.) ‘மாடல்’ என்பதும் இலத்தீன்தான். ‘மோடஸ்’ என்றால் அளவு, ‘மோடுலுஸ்’ என்றால் சிற்றளவு. அது இத்தாலிய மொழிக்குப் போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டு சொல்லும் அளவைத்தான் பேசுகின்றன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அளவுகோலுக்கு வருகிறேன். அது அளக்கிற கருவி. நீட்டிச் சொன்னால், ஒன்றை எடைபோடும் நியதி: ‘நல்ல ஆசிரியருக்கு அளவுகோல் என்ன?’ என்று கேட்கிறோம். இந்த இரண்டில் எதுவும் என் மேசையில் இல்லை. மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்திருக்கிறார், ‘ஸ்கேல்’ என்ற சொல்லுக்கு எதிரே முதலில் இருந்ததை எடுத்திருக்கிறார், ‘மாடல்’ என்ற சொல்லுக்கு எதிரே முதலில் இருந்ததை எடுத்திருக்கிறார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதற்கு வக்காலத்து வாங்கினார். சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்து அரை மணி நேரம். “நிலவரைபடத்துல அளவுகோல்னு சொல்றோமே தம்பி, அது மட்டும் சரியா?” என்றார். சரிதான் ஐயா. வரைபடத்தின் கீழ் மூலையில் ஒரு கோடு வரைந்து, பூச்சியம், 5, 10 கிலோமீட்டர் என்று பிரித்துக் காட்டுகிறார்கள். அங்கே உண்மையிலேயே ஒரு கோல் இருக்கிறது, விரலை வைத்து அளக்கலாம். என் வண்டியில் எந்த மூலையில் இருக்கிறது கோல்? ஆசிரியர் தே தாரேக் தேநீரை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, “சரி, அப்ப மாதிரி மட்டும் வச்சுக்க” என்றார். அதுவும் ஆகாது. இரத்த மாதிரி, மாதிரி வினாத்தாள், மாதிரிப் பள்ளி என்று அந்தச் சொல் ஏற்கெனவே ஏகப்பட்ட வீட்டுக்கு வேலை செய்கிறது. ‘மாதிரி மகிழுந்து’ என்றால் கடையில் வாடிக்கையாளர் ஓட்டிப் பார்க்க வைத்திருக்கும் வண்டி என்றுதான் நான் நினைப்பேன்.

‘மகிழுந்து’ மேல் எனக்குப் பகை இல்லை. இங்கே மலேசியாவில் பத்திரிகையிலும் பள்ளியிலும் அது வேர் விட்டுவிட்டது, இருக்கட்டும். ஆனால் ரப்பர் தோட்டத்தில் அது காடிதான். துரையின் லேண்ட் ரோவரைப் பார்த்து மகிழ்ந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. அது மேட்டில் ஏறும் சத்தம் கேட்டால் பால்மரக் காட்டில் பேச்சு நின்றுவிடும்.

அடுத்த கட்சி இளைஞர்களுடையது: ‘குறுமகிழுந்து’. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘குறு’ சிறியது என்று சொல்லுமே தவிர எதனோடு ஒப்பிட்டு, எவ்வளவு சிறியது என்று சொல்லாது. எங்கள் தெருவில் நிற்கும் கஞ்சில் கார்கூடக் குறுமகிழுந்துதான், அதில் நாலு பேர் ஏறி ஈப்போவுக்குப் போகலாம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, அதைத்தான் இந்தத் தம்பிகள் விட்டுவிடுகிறார்கள். 1968-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹாட் வீல்ஸ் பொம்மை வண்டிகளைப் பாருங்கள். நம் பினாங்கின் பிறையிலேயே தொழிற்சாலை இருப்பதால், பல வண்டிகளைப் புரட்டினால் வயிற்றில் ‘மலேசியா’ என்று பொறித்திருக்கும். ஏறக்குறைய 1:64 என்பார்கள். அந்த ‘ஏறக்குறைய’தான் விஷயம். சின்னக் காராக இருந்தாலும் பெரிய லாரியாக இருந்தாலும் அதே அட்டைக்குள் அடங்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் வெவ்வேறு விகிதத்தில் சுருக்குவார்கள். பக்கத்தில் நிறுத்தினால் லாரியும் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளம். அவற்றைக் குறுமகிழுந்து என்று தாராளமாகச் சொல்லுங்கள், நான் கைதட்டுகிறேன். எங்களுடையது அது இல்லை.

‘பொம்மைக் கார்’ என்பவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. ‘விளையாட்டு மகிழுந்து’ என்று ஒரு செய்தியில் படித்தேன். அது பந்தய வண்டியா, பிள்ளை உருட்டும் வண்டியா என்று கடைசி வரி வரை தெரியவில்லை.

பழைய இலக்கியத்திலிருந்து சொல் எடுக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு, அவர்கள் பக்கம் எனக்கே கொஞ்சம் சாய்வு. குறுந்தொகை 61-ஆம் பாட்டில் தும்பிசேர் கீரனார் ‘தச்சன் செய்த சிறுமா வையம்’ என்கிறார். ஏறிப் போக முடியாவிட்டாலும் கையால் இழுத்தே இன்பம் காண்கிறார்கள் சிறுவர்கள். என் பொழுதுபோக்கைப் பற்றி இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிடவில்லை. பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்குச் சிறுதேர்ப் பருவமே இருக்கிறது. ஆனால் ‘சிறுதேர்’ என்று பெயர் வைக்கலாமா என்றால், பட்டினப்பாலை குறுக்கே வருகிறது. அங்கே புதல்வர்கள் குதிரை இல்லாமல் உருட்டுவது ‘முக்காற் சிறுதேர்’. மூன்று சக்கரம்! பிள்ளை உருட்டி விளையாடுவதற்காகச் செய்தது அது. தெருவில் ஓடிய பெருந்தேரை அளந்து செய்தது இல்லை. தச்சன் குழந்தையைப் பார்த்து வேலை செய்திருக்கிறான், தேரைப் பார்த்து இல்லை. பொம்மைக்கும் எங்கள் வேலைக்கும் உள்ள வேறுபாடு அந்த மூன்றாவது சக்கரத்தில் இருக்கிறது.

எனக்குச் சொல் கிடைத்தது நூலகத்தில் இல்லை, வீட்டில். அப்பா தோட்டத்தில் லேண்ட் ரோவர் ஓட்டியவர். நான் தகடு வெட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். “எவ்வளவுக்கு எவ்வளவுடா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் ‘ஸ்கேல்’ முழுசும் அடங்கிவிட்டது. ஒண்ணுக்கு இருபத்து நாலுப்பா என்றேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். “வெளக்கு ரெண்டும் இவ்வளவு தள்ளி இருக்காது. நடுவுல, வலைக்கம்பிக்குள்ள கிட்டக்கிட்ட இருக்கும். அசல்படி செய்யி” என்றார். அவர் சொன்னது சரி. விளக்குகள் வெளியே மட்கார்டுக்குப் போனது அறுபதுகளின் கடைசியில்தான். முன்பக்கத்தைப் பிய்த்து மறுபடி செய்தேன். ஆனால் கை வேலை செய்துகொண்டிருக்கும்போது மனம் ‘அசல்படி’யிலேயே நின்றுவிட்டது.

படி என்றால் என்ன? ஏணியின் படி. அரிசி அளக்கும் படி. ஓலைச்சுவடிக்குப் படி எடுத்தல், கையெழுத்துப் படி, திருத்திய படி. சொன்னபடி, அப்படி, இப்படி. ஆங்கிலேயன் இலத்தீனில் ஏணிக்கு ஒரு சொல், சிற்றளவுக்கு ஒரு சொல் என்று இரண்டை எடுத்து ஒட்டி உண்டாக்கியதை நம் பாட்டி ஒரே சொல்லில் நாலு பொருளாக வைத்திருக்கிறாள். ஆக, ‘அளவுப்படி’. அளவை வைத்து எடுத்த படி. அளவின்படி அமைந்தது என்றும் கேட்கும், அதுவும் பொருந்தும். அளவுப்படிக் காடி, அளவுப்படிக் கப்பல், 24-க்கு 1 அளவுப்படி. எதைப் பார்த்துச் செய்தோமோ அதற்கு ‘மூலம்’ என்ற சொல் தயாராக இருக்கிறது. இரயில் உருவம் செய்கிறவர்கள் அசல் இரயிலை ‘புரோட்டோடைப்’ என்பார்கள். அதை ‘முன்மாதிரி’ என்று மொழிபெயர்த்து, எது அசல் எது நகல் என்று தெரியாமல் படிப்பவரைச் சுற்றவிடுகிறார்கள். மூலமும் படியும் என்றால் முடிந்தது.

நகல் என்ற பொருளில் வரும் படியை வடமொழிப் ‘பிரதி’யோடு இணைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு முதலில் விளங்க வேண்டும், தூய்மை அதற்குப் பிறகு வரிசையில் நிற்கலாம். ஆசிரியர் வேறொரு இடத்தில் குத்தினார்: “அளவுப்படின்னா சம்பளத்தோட சேர்ந்து வர்ற படியா? பயணப்படி, பஞ்சப்படி மாதிரி?” இது நியாயமான அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தனியாக நின்றால்தான் அந்தக் குழப்பம். பின்னால் காடி வந்துவிட்டால் சம்பளச் சீட்டு யார் நினைவுக்கு வரும்?

இந்தத் துறையில் மொழிபெயர்ப்பாளர்கள் செய்திருக்கும் மற்ற வேலைகளைப் பார்த்தால் அளவுகோலே தேவலை. பெட்டியில் வாங்காமல் தகடும் கம்பியும் வைத்து எல்லாவற்றையும் நாமே செய்வதை ‘ஸ்கிராட்ச் பில்ட்’ என்போம். அது ‘கீறல் கட்டுமானம்’ ஆகியிருந்தது. கையால் முழுக்கச் செய்தது என்று சொன்னால் வாய் சுளுக்கிவிடுமா? வண்டிக்கு அழுக்கும் பழமையும் ஏற்றுவதை ‘வானிலைப்படுத்தல்’ என்கிறார்கள். மழை வரும்போல. நாங்கள் ‘அழுக்கேத்துறது’ என்கிறோம், எல்லோருக்கும் புரிகிறது. அந்த வேலையில் நானே ஏமாந்திருக்கிறேன். தோட்டத்துச் செம்மண்ணையே அள்ளி வந்து சலித்துச் சக்கரத்தில் ஒட்டினேன். அரை மில்லிமீட்டர் மணல் 1:24-இல் 12 மில்லிமீட்டர் சரளைக்கல் ஆகிவிட்டது. கடைசியில் செந்நிறச் சாக்குக்கட்டியைத் தேய்த்த பொடிதான் மண்ணாகத் தெரிந்தது. உடம்பில் துருவும் தீட்டியிருந்தேன். அப்பா ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இரும்புத் தட்டுப்பாட்டில் பிறந்த வண்டிக் குடும்பம் அது, மேலுடம்பு அலுமினியக் கலவை. நசுங்கும், சாயம் உதிர்ந்து வெள்ளையாய்ப் பளபளக்கும், துருப்பிடிக்காது. துரு எல்லாம் கீழே அடிச்சட்டத்தில்.

அடுத்த கண்காட்சிக்குப் பலகை எழுத என்னையே கேட்டார்கள். ‘அளவுப்படிக் காடிகள் (24-க்கு 1)’ என்று தெளிவாக எழுதி அனுப்பினேன். நேற்று அச்சடித்து வந்தது. ‘அளவுபடி காடிகள்’. ஒற்று இரண்டையும் தின்றுவிட்டார்கள். சக்கரத்துக்குக் கறுப்பு அடிக்க வைத்திருக்கும் மெல்லிய தூரிகையால் ‘ப்’பையும் ‘க்’கையும் அதனதன் இடத்தில் நுழைக்கப் பார்த்தேன். எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, ‘ப்’ ஒன்று போதும், நான் ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டேன். முறுக்கு அக்கா இந்த முறை என்ன சொல்லப் போகிறாரோ.