எல்லாரும் ஒரே பானைதானே, இவ மட்டும் ஏன் மேடம் இப்படி?

திண்டுக்கல் பக்கத்துக் குடும்பம். அண்ணன் தம்பி இருவர், இரண்டு மருமகள்கள், அப்பத்தா, ஆறு பிள்ளைகள். ஆக 11 வாய், ஒரே அடுப்பு, ஒரே ரேஷன் கார்டு. ஆண்கள் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார்கள். மருமகள்கள் நூல் மில்லுக்குப் போகிறார்கள். சமையல் அப்பத்தா கையில். (ஆளை அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மூத்த மருமகள் தன் கடைசிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு வயது முடிய இன்னும் இரண்டு மாதம். குழந்தையின் இடது மேல்கையில் அளவு நாடாவைச் சுற்றினேன். அங்கன்வாடியில் பார்த்திருப்பீர்கள், சிவப்பு, மஞ்சள், பச்சை போட்ட நாடா. ஆறு மாதத்துக்கு மேல், ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, 12.5-க்குக் கீழே மஞ்சள். இவளுக்கு 12.2.

"எல்லாரும் ஒரே பானையிலதானே சாப்பிடுறாங்க, இவ மட்டும் ஏன் மேடம் இப்படி இருக்கா?" என்றார் அம்மா.

உணவியல் ஆலோசகராக இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேனோ, கணக்கில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்கு என் பதில் ஒரு அச்சடித்த தாள்தான். ஆப்பிள், பேரீச்சை, பனீர், பாதாம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஒரு நாள் ஒரு அம்மா அந்தத் தாளை நாலாக மடித்து, பிள்ளை தின்ற வடையின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, என் கண்ணெதிரே குப்பைக் கூடையில் போட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. அந்தத் தாளால் அவருக்குக் கிடைத்த ஒரே உபயோகம் அதுதான். அதற்கப்புறம் நான் தாள் கொடுப்பதில்லை. மேசை மேல் ஒரு டப்பா துவரம்பருப்பும் ஒரு குழிக்கரண்டியும் வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை அப்பத்தாவையும் கூட்டிவரச் சொன்னேன். குழம்புக்கு எவ்வளவு பருப்பு போடுவீர்கள் என்று கேட்டால் "வழக்கமா போடுறதுதான்" என்பார்கள். அதனால் டப்பாவைத் திறந்து நீட்டினேன். அப்பத்தா இரண்டு கை அள்ளித் தட்டில் போட்டார். ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டார். நிறுத்துப் பார்த்தேன். 100 கிராம்.

100 கிராம் துவரம்பருப்பில் புரதம் சுமார் 22 கிராம். 11 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2 கிராம். நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை 16 கிராம். ஏழு வயதானால் 23 கிராம். சோற்றிலும் கொஞ்சம் புரதம் இருக்கிறது, அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து 16 கிராமை எட்ட வேண்டுமானால் அந்தச் சின்ன வயிறு தாங்காத அளவு சோறு வேண்டும்.

அப்பத்தாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். ஆனால் பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான். ஒரு கிலோவை 30 நாளுக்குப் பங்கிட்டால் நாளைக்கு 33 கிராம். அந்த ஒரு கிலோவுக்கு மேல் வெளியில் வாங்கித்தான் அவர் 100 கிராமே போடுகிறார். அரிசி கவலையில்லாமல் கிடைக்கும்போது சோறு மலையாகவும் குழம்பு தண்ணியாகவும் போவது இயற்கை. அளவாகத் தண்ணீர் ஊற்றி 11 பேரைக் கரையேற்றுகிற கை அது.

சரி, அந்தத் தண்ணிக் குழம்பைத்தான் மற்ற பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். அவர்கள் எப்படித் தேறினார்கள்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நாலு பேர். நாலு பேருக்கும் மத்தியானம் சத்துணவு; பள்ளி நாளெல்லாம் முட்டை உண்டு. காமராஜர் 1956-இல் பரவலாக்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவானது, முட்டையெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது. நாலு பேரில் ஆரம்பப் பள்ளியில் இருக்கும் இரண்டு பேருக்குக் காலைச் சிற்றுண்டியும் அங்கேயே. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் அது. ஒன்றரை வயதுப் பொடியன் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான். அங்கன்வாடி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. "வீட்டுலதான் நான் இருக்கேனே, எதுக்கு அம்புட்டுத் தூரம்?" என்று அப்பத்தா அனுப்பவில்லை. பேத்தி மேல் இருந்த பாசத்தால் அனுப்பவில்லை. அங்கே தரும் சாப்பாடு, முட்டை, பூச்சி மருந்து மூன்றும் அவளுக்குக் கிடைக்காமல் போனது.

ஆக, மூன்று வேளையும் வீட்டுப் பானையை மட்டும் நம்பி இருந்தவள் இவள்தான்.

பானையிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் இன்னொரு கூத்து. ராத்திரி பிள்ளைகள் ஐந்து பேருக்கும் ஒரே பெரிய தாம்பாளத்தில் போட்டுப் பிசைந்து வைத்துவிடுவார்கள். பார்க்க எவ்வளவு அழகு! ஆனால் 13 வயதுப் பையனின் கவளமும் நாலு வயதுப் பெண்ணின் கவளமும் ஒன்றா? காய் எல்லாம் முதல் நாலு வாயில் தீர்ந்துவிடும். இவள் ஒரு வாயை மென்று முடிப்பதற்குள் தாம்பாளம் வழித்தாகிவிடும். அப்புறம் அழுவாள். அழுதால் கையில் ஐந்து ரூபாய் பாக்கெட் ஒன்று. எவர்சில்வர் தட்டு ஐந்து வாங்கச் சொன்னேன். பிள்ளைகளுக்குத் தனித்தனித் தட்டு, சின்னதுக்கு முதலில் பரிமாறுவது. இந்த வீட்டுக்கு நான் கொடுத்த மருந்துகளிலேயே முதல் மருந்து அதுதான்.

இன்னொன்று, கரண்டி. பருப்பு அடியில் தங்கும், தண்ணீர் மேலே நிற்கும். கலக்காமல் மேலாக மொள்ளும்போது முதலில் உட்காருகிறவருக்குத் தண்ணீர், கடைசியில் உட்காருகிறவருக்குப் பருப்பு. பல வீடுகளில் "அடிக்குழம்பு அவருக்கு எடுத்து வை" என்று திக்கான பாகம் அப்பாவுக்கு ஒதுங்கிவிடும். பருப்பை மத்தால் நன்றாகக் கடைந்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. காசு செலவில்லாத வேலை.

பாக்கெட் கணக்குக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகம் மாறியதை மறக்க முடியாது. ஐந்து பிள்ளைகள், காலையும் மாலையும் ஆளுக்கு ஐந்து ஐந்து ரூபாய். ஒரு நாளைக்கு 50, மாதம் 1,500. முட்டை ஏழு ரூபாய் என்றே வைப்போம். ஐந்து பேருக்கும் தினம் ஒரு முட்டை என்றால் 150 முட்டை, 1,050 ரூபாய். மீதி 450 ரூபாய்க்குப் பயறும் நிலக்கடலையும் வாங்கலாம். பள்ளி நாளில் நாலு பேருக்கு அங்கேயே முட்டை கிடைத்துவிடுவதால் செலவு இன்னும் குறையும். காசு இல்லாத வீடு என்று நினைத்திருந்தார்கள். அந்தக் காசு பிள்ளைகள் கை வழியாகப் பெட்டிக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பாக்கெட்டையே நிறுத்தச் சொன்னால் வீட்டில் கலவரம் வரும், எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மற்ற நாளில் அவித்த கடலை, கடலை மிட்டாய், பொட்டுக்கடலையும் வெல்லமும். சின்னதுகளுக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள், புரையேறும்; இடித்துக் கொடுங்கள்.

சமையலில் மாற்றியது கொஞ்சம்தான். மூன்று வேளையையும் மாற்றச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ராத்திரிக்கு வாரம் மூன்று நாள் ஒரே பானைச் சமையல். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோவுக்குக் குறையாமல் பாசிப்பருப்பு. முந்நூறு கிராம் போட்டால் இன்னும் நல்லது. பாசிப்பருப்புக்கு ஊறவைக்கும் தொல்லையில்லை, கேஸும் மிச்சம். சின்ன வெங்காயம், தக்காளி, மஞ்சள், ஒரு பூண்டு. குக்கரில் நாலைந்து விசில் விட்டுக் குழைய எடுத்து, சூட்டோடு இரண்டு கை முருங்கைக்கீரையை உருவிப் போட்டு மூடிவிட்டால் அந்த ஆவியிலேயே வெந்துவிடும். சின்னதுகள் தட்டில் மட்டும் ஒரு ஸ்பூன் எண்ணெய் கூடுதலாக விடுங்கள். சின்ன வயிற்றில் நிறைய இடமில்லை. கொஞ்சமாகத் தின்றாலும் அதில் சக்தி வேண்டும். நெய்தான் வேண்டுமென்றில்லை, கடலை எண்ணெய் போதும். கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும். கீரை தின்றால் ரத்தம் ஊறும் என்பார்களே, புளிப்பு சேர்ந்தால்தான் அந்தப் பேச்சுக்குக் கொஞ்சமாவது அர்த்தம். சாப்பாட்டோடு டீயோ கடுங்காப்பியோ குடித்தால் அதுவும் போச்சு. அரிசியையும் பருப்பையும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றில் குறைவதை மற்றது நிரப்புகிறது. நம் பாட்டிமார்களின் பருப்புச் சோறு சும்மா வந்ததல்ல.

துவரை தீர்ந்த நாளில் தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு. இது அப்பத்தாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "எங்க காலத்துல காணப்பயறுதான் சாமி" என்று அவரே ஆரம்பித்து, கொள்ளு அவித்து வடித்த தண்ணீரில் ரசம், பயற்றில் துவையல் என்று எனக்குப் பாடம் எடுத்தார். மருமகள் "இத்தனை நாள் ஏன் அத்தை செய்யல?" என்று கேட்க, "உன் புள்ளைக மூஞ்சியச் சுளிக்குதுகளே" என்றார். அதுவும் நியாயம்தான். கொள்ளுத் துவையலைப் பிள்ளைக்குப் பழக்க ஒரு நாள் போதாது. ஐந்தாறு தடவை, தட்டின் ஓரத்தில் கொஞ்சமாக வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காலையில் இட்லி என்றால் தண்ணிச் சட்னிக்குப் பதில் வேர்க்கடலை இல்லை பொட்டுக்கடலைச் சட்னி, கெட்டியாக. கேழ்வரகு கிடைத்தால் வாரம் இரண்டு நாள் அடையோ கூழோ. சுண்ணாம்புச் சத்துக்குப் பால் வாங்க முடியாத வீட்டில் அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. கறி எடுக்கிற நாளில் கோழி ஈரல் கால் கிலோ சேர்த்து வாங்குங்கள். முட்டை குறைவாக இருக்கிற நாளில் பொடிமாஸ் போட்டு நடுவில் வைக்காதீர்கள், பழைய தாம்பாளக் கதைதான் திரும்பும். அவித்து, தையல் நூலால் நேர்பாதியாக அறுத்து அவரவர் தட்டில் வையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பேன். மெலிந்த பிள்ளை எல்லாமே சாப்பாட்டுக் குறை இல்லை. இவளையும் முதலில் குழந்தை டாக்டரிடம் அனுப்பி, காசநோய், பூச்சித் தொல்லை எதுவும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பருப்பு டப்பாவைத் திறந்தேன். நாடா சிவப்பில் விழுந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கி அழுத்தினால் குழி விழுந்தாலோ, பிள்ளை சாப்பிடவே மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். நாடாவில் 12.8, பச்சை. அங்கன்வாடியில் சேர்த்துவிட்டார்கள். வீட்டில் அவளுக்கென்று பெயர் பொறித்த தட்டு இருக்கிறதாம். வேறு யாராவது எடுத்தால் சண்டை. அப்பத்தாவுக்கு ஒரே புகார், பயறு ஊறப்போட மறந்த நாளில் கேஸ் சீக்கிரம் தீர்கிறது என்று. ராத்திரிப் படுக்கும் முன் தண்ணீர்க்குடம் நிரப்பும்போதே பயற்றையும் நனைத்துவிடச் சொன்னேன்.

கிளம்பும்போது அந்த அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உள்ளே வெளுத்திருந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது.

"நீங்க ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் மேடம்."

"அப்ப குழம்பு இருக்குமா?"

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை இவரைப் பார்த்தார். இருவருமே சிரித்துவிட்டார்கள். இருவரையும் ரத்தப் பரிசோதனைக்கு டாக்டரிடம் அனுப்பினேன். தட்டு இன்னும் இரண்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.