பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர்

தண்ணீரைச் சூடாக்கி, தரைக்குள் பதித்த குழாய்களில் சுற்றவிட்டு வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லர் அது. வாயு எரியும் பகுதியான பர்னரைக் கழற்றி வெளியே இழுத்தபோது துரு செதில் செதிலாக உதிர்ந்து என் கையுறை மேல் விழுந்தது. எரிவாயு வெளிவரும் துளைகளில் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தன. மேலே டார்ச் அடித்துப் பார்த்தேன். புகை ஏறிச் செல்ல வேண்டிய இடுக்குகளில், வார்ப்பிரும்பின் மேல் செம்பழுப்பு நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தது. ஒழுங்காகக் குழாய் இணைத்திருந்தால் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கக்கூடிய பாய்லர் அது. பார்த்ததோ நான்கே குளிர்காலம். வீட்டுக்காரருக்கு நம்பவே முடியவில்லை. "தரை எப்போதும் இதமாகத்தானே இருந்தது, ஒரு நாள்கூடக் குறை வைக்கவில்லையே" என்றார். அவர் சொன்னது உண்மைதான், தரைக்கு ஒரு குறையும் இல்லை. பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில் வெப்பமானியைப் பொருத்தினேன். 33 டிகிரி செல்சியஸ் காட்டியது.

பாய்லரைத் தின்றது அந்த 33 டிகிரிதான்.

எரிவாயு எரியும்போது வெப்பத்தோடு நீராவியும் உண்டாகிறது. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு கலந்து போகிறது. 20 கிலோவாட் பாய்லர் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் எரிந்தால் மூன்று லிட்டருக்கு மேல் வரும். புகை சூடாக இருக்கும்வரை அந்த ஈரம் நமக்குத் தெரியாது. சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்கிற இரும்பில் பட்டால், குளிர்ந்த கண்ணாடி டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல அது நீராகப் படிந்துவிடும். புகையில் உள்ள கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதில் கரைவதால் அது வெறும் தண்ணீராக இருப்பதில்லை, அமிலத் தண்ணீராகிவிடுகிறது. காலையில் பாய்லர் எரியத் தொடங்கும்போது சில நிமிடம் இப்படி வியர்ப்பது இயல்பு. சூடேறியதும் காய்ந்துவிடும். நாள் முழுக்க 33 டிகிரித் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தால் காயவே காயாது.

துரு உதிர்வது பணத்தோடு முடிகிற நஷ்டமும் அல்ல. உதிர்ந்த துரு பர்னர் துளைகளையும் புகைப்பாதையையும் அடைக்கிறது. காற்று சரியாகச் சேராமல் சுடர் மஞ்சளாகிறது. அரைகுறையாக எரிந்த வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்த வீட்டில் அதற்கான அலாரம் ஒன்றுகூட இல்லை என்று பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் நடுக்கம்தான் வந்தது. பாய்லர் இருக்கும் எந்த வீடானாலும், படுக்கையறைக்கு அருகில் ஓர் அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும்.

குறைந்த வெப்பநிலையில் வீட்டைச் சூடாக்குவது மிக நல்ல முறை. அதை நான் யாருக்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சூடான நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சிறிய ரேடியேட்டருக்கு 70, 80 டிகிரித் தண்ணீர் தேவைப்படும். தரை முழுவதும் குழாய் பதித்திருந்தால் 35 முதல் 45 டிகிரியே போதும். பாதத்துக்கும் இதம், அறையில் வெப்பமும் சீராகப் பரவும். ஆனால் 40 டிகிரியில் போகிற தண்ணீர் 32 டிகிரியில்தான் திரும்பும். அந்த 32 பாய்லருக்கு ஆகுமா ஆகாதா என்பதை அது எந்த வகைப் பாய்லர் என்பதுதான் முடிவு செய்கிறது.

முதலில் பழைய வகையை, அதாவது புகையின் ஈரத்தைத் தாங்காத சாதாரண பாய்லரைப் பார்ப்போம். அந்த வீட்டில் மூன்று வழிக் கலப்பு வால்வு ஒன்று பொருத்தியிருந்தார்கள். பாய்லரிலிருந்து 70 டிகிரித் தண்ணீர், தரையிலிருந்து திரும்பும் 32 டிகிரித் தண்ணீர், இரண்டையும் கலந்து 40 டிகிரியில் தரைக்கு அனுப்புகிற வால்வு. "அதுதான் வால்வு இருக்கிறதே, அது பாய்லரைப் பாதுகாக்காதா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பலரும் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள், தொழிலில் இருப்பவர்களும்கூட. அந்த வால்வு தரையைத்தான் காக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 10 கிலோவாட் வெப்பம் வேண்டிய தரை, 40 டிகிரியில் வாங்கி 32 டிகிரியில் திருப்பித் தருகிறது என்றால் நிமிடத்துக்குச் சுமார் 18 லிட்டர் ஓட வேண்டும். அந்த 18 லிட்டரில் பாய்லரிலிருந்து எடுக்க வேண்டியது ஐந்தில் ஒரு பங்கு, நாலு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. மீதி தரையின் தண்ணீரே சுற்றிக்கொள்கிறது. நாலு லிட்டர் எடுத்தால் நாலு லிட்டர் திருப்பித் தர வேண்டுமே, அது எந்தச் சூட்டில் போகும்? அதே 32 டிகிரியில். நடுவில் வேறு எதுவும் இல்லாவிட்டால் அந்தக் குளிர்ந்த நீர் நேராகப் பாய்லருக்குள் நுழைந்துவிடும்.

இதற்கு வழி, பாய்லருக்கென்று தனிச் சுற்று ஒன்றும் தனிப் பம்ப் ஒன்றும் வைப்பது. நிமிடத்துக்கு 15 லிட்டர் பாய்லரைச் சுற்றி ஓடட்டும். அதிலிருந்து நாலு லிட்டரைத் தரைக்குக் கொடுத்து, நாலு லிட்டரை 32 டிகிரியில் வாங்கிக்கொண்டால், மிச்சமுள்ள 11 லிட்டர் 70 டிகிரித் தண்ணீரோடு அது கலந்து சுமார் 60 டிகிரியில் பாய்லருக்குள் போகும். வியர்க்காது. இரண்டு சுற்றுகளும் ஒன்றையொன்று இழுக்காமல் இருக்க, அவற்றை இணைக்கும் இரண்டு டீக்களையும், அதாவது T வடிவக் குழாய் இணைப்புகளையும், மிக நெருக்கமாக வைக்க வேண்டும். குழாயின் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் இடைவெளி கூடாது. இடம் போதவில்லை என்று டீக்களைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு பம்ப் ஓடும்போது மற்றச் சுற்றிலும் தண்ணீர் தானாக நகர்கிறதே என்று என்னை அழைத்தவர்கள் பலர்.

தனிச் சுற்று வைத்ததோடு வேலை முடிந்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். குளிர்ந்து கிடக்கும் கான்கிரீட் தரையைச் சூடாக்கத் தொடங்கும் நாள்தான் உண்மையான சோதனை. நூறு சதுர மீட்டர் பரப்பும் பத்து சென்டிமீட்டர் கனமும் உள்ள கான்கிரீட்டின் எடை சுமார் 24 டன். அதை ஒரு டிகிரி ஏற்றவே ஏறத்தாழ 6 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும். 10 டிகிரியில் கிடப்பதை 25க்குக் கொண்டுவர 90. வெப்பம் எங்கும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் 15 கிலோவாட் பாய்லர் ஆறு மணி நேரம் இடைவிடாமல் எரிய வேண்டும். அந்த நேரத்தில் தரையிலிருந்து 12 டிகிரித் தண்ணீர் திரும்புகிறது. வால்வோ 40 டிகிரி வேண்டும் என்று முழுவதுமாகத் திறந்துகொள்கிறது. அதன்படி கொடுக்க வேண்டுமானால் 35 கிலோவாட் வேண்டும். பாய்லரிடம் அவ்வளவு கிடையாது. அதன் சூடு 70லிருந்து வழுக்கி 30க்கு அருகில் வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. மணிக்கணக்கில் அமில மழை.

அதனால் பாய்லருக்குத் திரும்பும் குழாயில் கட்டாயம் ஒரு சென்சார் இருக்க வேண்டும். திரும்பும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இறங்கினால், தரைக்குக் கொடுக்கும் சூடான நீரைக் குறைக்கும்படி கலப்பு வால்வுக்கோ பம்புக்கோ அது சொல்ல வேண்டும். மின்சாரம் இல்லாமலே இதைச் செய்யும் வெப்பநிலை வால்வுகளும் இருக்கின்றன. அவற்றைப் பாய்லரின் வாயிலிலேயே பொருத்தலாம். சூடான நீரில் ஒரு பங்கைத் திரும்பும் குழாயில் கலந்துவிடும்படி கையால் திருகி வைக்கும் பைபாஸ் வால்வை நான் ஏற்பதில்லை. ஒரு நாளைக்குச் சரியாக இருக்கும் திருகல் மறுநாள் குளிருக்குப் பொருந்தாது, பாய்லர் பெயரளவுக்குத்தான் காக்கப்படும்.

இனிக் கண்டென்சிங் பாய்லர். இங்கே கதை தலைகீழ். புகையின் ஈரத்தை வேண்டுமென்றே உள்ளே படியவைத்து அதன் மறைவெப்பத்தை, அதாவது ஆவி நீராகும்போது வெளிவிடும் வெப்பத்தை, பறித்துக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது அது. எரிவாயுவின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்த ஈரத்தில் இருக்கிறது. அமிலத்தைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகிலோ அலுமினியக் கலவையிலோ வெப்பப் பரிமாற்றி செய்திருப்பார்கள். இதற்குத் தரையிலிருந்து திரும்பும் குளிர்ந்த நீர் விருந்து. ஆனால் பழைய பழக்கத்தில் இதற்கும் திரும்பும் நீரோடு சூடான நீரைக் கலந்துவிடும் குழாய் அமைப்பைப் போட்டுவிடுகிறார்கள். அதிக விலை கொடுத்து வாங்கிய பாய்லர், சாதாரண பாய்லர் போலவே வேலை செய்கிறது. எதுவும் பழுதாகாததால் யாருக்கும் தெரியாது, பில்லில்தான் தெரியும். பாய்லர் சுற்றையும் தரைச் சுற்றையும் பிரிக்கும் கலன் வைத்திருந்தால், பாய்லர் பக்கத்து ஓட்டம் தரைப் பக்கத்து ஓட்டத்தைவிடக் கூடக் கூடாது. கூடினால் மிஞ்சும் சூடான நீர் கலனுக்குள்ளேயே திரும்பிப் பாய்லருக்குப் போய்விடும்.

குழாய் வேலையில் இன்னும் இரண்டு மூன்று விஷயங்கள் உண்டு. சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுத் தொட்டி இணைந்திருக்கும் இடத்திலிருந்து விலகித் தள்ளும்படி பம்பை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று உறிஞ்சப்படலாம். தண்ணீரில் கலந்த காற்றை வெளியேற்றும் காற்றுப் பிரிப்பானுக்கு இடம் பாய்லரை விட்டு வெளியேறும் சூடான குழாய். தரைக்குள் பதிக்கும் பிளாஸ்டிக் குழாய் ஆக்சிஜன் தடுப்பு உள்ளதாக இருக்க வேண்டும். தடுப்பு இல்லாவிட்டால் குழாய்ச் சுவர் வழியாகவே ஆக்சிஜன் கசிந்து, இந்த முறை தண்ணீர்ப் பக்கத்திலிருந்து இரும்பைத் துருவாக்கும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே இப்படி ஓர் அமைப்பு இருந்தால், பாய்லரிலிருந்து போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் ஒவ்வொரு வெப்பமானி பொருத்தச் சொல்லுங்கள். வீடு சூடாகி ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் படியுங்கள். பழைய வகைப் பாய்லரில் திரும்பும் குழாய் 55க்குக் கீழேயே கிடந்தாலோ, பர்னருக்குள் சொட்டுச் சொட்டாக "உஸ்" என்று கேட்டாலோ, புகைக்குழாயின் இணைப்புகளில் பழுப்பு நீர்த்தடம் தெரிந்தாலோ, அடுத்த குளிர்காலம் வரை காத்திருக்காமல் தகுதி பெற்ற ஒருவரை அழைத்துப் பர்னரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த வீட்டுப் பாய்லரைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றே வாயுவை அடைத்து, இயக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். அதே இடத்தில் இப்போது கண்டென்சிங் பாய்லர் இருக்கிறது. கலப்பு வால்வைக் கழற்றிவிட்டு, பாய்லரின் கட்டுப்பாட்டிலேயே 40 டிகிரிக்கு வைத்து, தரை மிகச் சூடானால் பம்பை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்றையும் சேர்த்தோம். கடைசியாகப் பார்க்கப் போனபோது திரும்பும் குழாய் 31 டிகிரி காட்டியது. பாய்லருக்கு அடியில் சாய்வாகப் போகும் பிளாஸ்டிக் குழாயிலிருந்து, பளிங்குச் சில்லுகள் நிரப்பிய சிறு பெட்டிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சில்லுகள் அமிலத்தை முறிப்பதால் கரைந்துகொண்டே வரும், ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்த்துக் குறைந்ததை நிரப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.